உறை போட்ட எழுத்துகள்

வஜீஹா மிஸ்ஸுக்கு மிஞ்சிப்போனால் இருபத்துநாலு வயசு. நான் டீச்சர் வேலையில் சேர்ந்த வருஷம் அவள் மூன்றாம் வகுப்பில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்படிப்பட்டவள் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு வரச்சொல்லி, முழங்கால் மோவாயில் இடிக்கிற குழந்தைகள் நாற்காலியில் உட்காரவைத்து, என் பிள்ளையைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாள்.

"எழுத்து தெரியலைன்னு சொல்லல மேடம். ஷெல்டன் எதையும் தொட மாட்டேங்கறான்."

"தொடலைன்னா?"

"மணல் தட்டு வெச்சா எல்லாப் பிள்ளைங்களும் விரலால 'அ' போடுவாங்க. இவன் கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிப்பான். களிமண் குடுத்தா வாங்க மாட்டான். பசை டப்பாவைப் பார்த்தா நாலடி தள்ளிப் போயிடறான். ஜூன்லேருந்து இப்படித்தான். பென்சில்கூட நான் எடுத்துக் கையில வெச்சாதான் பிடிக்கறான்."

"நீங்க ஒழுங்கா சொல்லித் தந்தீங்களா?"

அவள் முகம் லேசாகச் சிவந்தது. சிவக்கட்டும் என்று நினைத்தேன்.

"ஹெச்.எம். ஒண்ணு சொன்னாங்க மேடம். இந்த டெர்ம் மட்டும் ப்ரீ கேஜி-ல உக்காரட்டும்னு. சின்னப் பிள்ளைங்களோட மண்ணுல விளையாடினா கை பழகிடும். நீங்களும் சாரும் பேசிட்டு அடுத்த வாரம் சொன்னாப் போதும்."

எல்.கே.ஜி-யிலிருந்து ப்ரீ கேஜி! மூன்று வயசு முடிவதற்குள் ஆங்கிலத்தில் இருபத்தாறையும் தமிழில் உயிரெழுத்துப் பன்னிரண்டையும் கண்ணால் பார்த்தே சொன்ன பிள்ளையை, மூக்கு ஒழுகும் கூட்டத்தோடு உட்காரவைக்கப் போகிறார்களாம். எங்கள் வீட்டில் அப்பா ஹெட்மாஸ்டர். இரண்டு அத்தைகளும் டீச்சர்கள். நான் சிந்தாதிரிப்பேட்டையில் பதினோரு வருஷம் ரெண்டாம் வகுப்பை மேய்த்தவள். சாந்தோம் சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்தால், என்னிடம் படித்த பிள்ளைகளின் அம்மாக்கள் நாலு பேராவது நின்று கையைப் பிடித்துக்கொண்டு பேசுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பது?

"எனக்குப் பத்து நிமிஷம் குடுங்க" என்றேன். "உங்க கிளாஸ்ல, எல்லாப் பிள்ளைங்க முன்னாலயும். என் பிள்ளைக்கு என்ன தெரியும்னு நான் காட்டறேன்."

அவள் மறுப்பாள், மறுத்தால் நேராக ஹெச்.எம். அறைக்குப் போய்ச் சத்தம் போடலாம் என்று தயாராக இருந்தேன். அவளோ, "தாராளமா வாங்க மேடம். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு" என்றுவிட்டாள். கோபத்தைக் கொட்ட இடமில்லாமல் வெளியே வந்தேன்.

வாசலில் ஆயா ரத்னா ஷெல்டனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பட்டினப்பாக்கத்திலிருந்து வருகிறவர். பெரிய குரல்.

"உன் புள்ளைக்கு மட்டும் எனக்கு வேலையே இல்லம்மா. மத்த வாண்டுங்களுக்குக் கை கழுவி வுட்டே என் இடுப்பு போவுது. இவன் கை அழுக்கே ஆவாது. காலைல வந்தாப்புல அப்டியே கீது."

அந்தப் பள்ளிக்கூடத்தில் என் வளர்ப்பைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் இந்த ஆயாதான் என்று நினைத்து, அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

ராஜா அண்ணாமலைபுரம் வந்து சேர்வதற்குள் ஆட்டோக்காரரிடம் ஒரு சண்டை. வீட்டுக்கு வந்ததும் கீழ் வீட்டுக்காரர் பைக்கைப் படிக்கட்டில் நிறுத்தியிருந்ததற்காக ஒரு சண்டை. சாயங்காலம் என் வீட்டுக்காரர் டெரன்ஸ் வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டினேன். மனுஷன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்ன பதில் இது:

"டெல்பின், அந்த மிஸ் சொல்றதுல ஏதாவது இருக்குமோ?"

"என்ன இருக்கும்? என்ன இருக்கும்னு சொல்லுங்க!"

"கோபப்படாதே. நீ செஞ்ச எழுத்தெல்லாம் அவன் தொட்டதே இல்லையே."

என் எழுத்துகளைப் பற்றிச் சொல்லாமல் இது புரியாது. ஷெல்டன் பிறந்ததும் வேலையை விட்டேன். மனசை விடவில்லை. அவனுக்கு இரண்டு வயசு ஆனதிலிருந்து வாரத்துக்கு ஒரு எழுத்து. தெர்மாகோலில் எழுத்தை ஒரு அடி உயரத்துக்கு வெட்டி, ஃபோம் ஷீட் ஒட்டி, அந்தந்த எழுத்துக்குரிய பொருளை அதிலேயே செய்து பொருத்துவேன். பி-க்கு உடம்பு முழுக்கப் பட்டன். ஏ-க்கு ஐஸ்குச்சியில் ஏணி, சின்ன பொம்மை உண்மையிலேயே ஏறி இறங்கும். ஊ-வின் ஊஞ்சல் ஆடும். எ-க்கு எலி, சணல் கயிற்றில் வால், உருளும் கண். இதற்காக மயிலாப்பூர் குளத்தருகே ஸ்டேஷனரி கடை, பாண்டி பஜார் என்று எத்தனை அலைச்சல். முடித்ததும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை போட்டு, விளிம்பில் டேப் ஒட்டி, பீரோமேல் வரிசையாக அடுக்கிவிடுவேன். தினமும் காலை பத்து மணிக்கு ஒவ்வொன்றாக இறக்கித் தூக்கிக் காட்டுவேன். பாய்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவன் சொல்லுவான். சொல்லி முடித்ததும் திரும்ப பீரோமேல் போய்விடும்.

இப்படித்தான் எங்களுக்குக் கற்றுத் தந்தார்கள். டீச்சர் டிரெயினிங்கில் ராத்திரி பகலாக உட்கார்ந்து, பாடத்தில் காட்டுவதற்கு டீச்சிங் எய்ட் செய்வோம். பிராக்டிகல் பரீட்சைக்கு வெளியூர் எக்ஸாமினர் வருகிறவரைக்கும் அது பழைய புடவைக்குள் பத்திரமாக இருக்கும். பாடம் எடுக்கும்போது மாதிரிப் பள்ளிப் பிள்ளைகளை "கை கட்டு!" என்று சொல்லி உட்காரவைத்துவிட்டுத் தூரத்திலிருந்து காட்டவேண்டும். நான் செய்த சுவர்க்கடிகாரத்தை, எக்ஸாமினர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரு பையன் புளிசாதக் கையோடு தொட்டுவிட்டான். முள் பிய்ந்தது. எண்மேல் மஞ்சள் கறை. எங்கள் செட்டிலேயே முதலாவதாக வரவேண்டியவள் நான். வரவில்லை. அந்தப் பையன் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வரும்.

டெரன்ஸிடம் இதையெல்லாம் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. நூறு தடவை கேட்டிருக்கிறார்.

"தொட்டா பிஞ்சிடும்" என்றேன். "அது காட்டறதுக்கு."

"போன கிறிஸ்மஸ் லீவுல அவனை வெச்சு நான் ஒரு ஆ செஞ்சேன், ஞாபகம் இருக்கா? ஆமையை அவன்தான் ஒட்டினான்."

"தலைகீழா ஒட்டினான்! கால் நாலும் ஆகாசத்தைப் பார்த்துச்சு. பசை வேற வழிஞ்சு கிடந்துச்சு."

"அவன் தூங்கினப்புறம் நீ அதைப் பிய்ச்சுப் போட்டுட்டு வேற செஞ்ச."

"சரியா செஞ்சேன்!"

"காலைல எந்திரிச்சு வந்து அவன் ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தான், டெல்பின். நான் பார்த்தேன். ஒண்ணுமே கேக்கல."

"அப்ப நீங்களே வேலையை விட்டுட்டு வீட்டுல உக்காந்து சொல்லித் தாங்க" என்று கத்திவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைத் தேவைக்குமேல் சத்தமாகக் கழுவினேன். ஆமைக்காக என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார். ஆஃபீஸிலிருந்து வந்து அரைமணி நேரம் பிள்ளையோடு உருண்டுவிட்டுத் தூங்கப் போகிறவருக்கு என்ன தெரியும்?

வெள்ளிக்கிழமை தமிழ் எழுத்துகள் பன்னிரண்டையும் இரண்டு பெரிய கட்டைப்பையில் போட்டு எடுத்துப் போனேன். நல்ல காட்டன் புடவை, பழைய பள்ளிக்கூட வாட்ச். வகுப்பில் பதினெட்டுப் பிள்ளைகள். சத்தமென்றால் அப்படி ஒரு சத்தம். ஒருவன் மேசைக்கு அடியில் கிடந்தான். இன்னொருத்தி தன் செருப்பைத் தண்ணீர் பாட்டிலுக்கு மூடியாக வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். வஜீஹா மிஸ் இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். இதுவா வகுப்பு?

"கை கட்டு!" என்றேன், என் ரெண்டாம் வகுப்புக் குரலில்.

அந்தப் பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஷெல்டன் மட்டும் கடைசி வரிசையில் நிமிர்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, ஆடாமல் உட்கார்ந்தான். என் பிள்ளை என்று பெருமையாக இருந்தது.

ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினேன். மற்றவர்கள் சொல்வதற்குள் அவன் சொன்னான். அ, அணில். ஆ, ஆமை. இ, இலை. தட்டுத்தடங்கல் இல்லை. பன்னிரண்டும் முடிந்ததும் வஜீஹா மிஸ்ஸை ஒரு பார்வை பார்த்தேன். இப்போது சொல், யார் ப்ரீ கேஜி-க்குப் போகவேண்டும் என்று.

"ரொம்ப அழகா இருக்கு மேடம்" என்றாள் அவள். நிஜமாகவே சொன்னாள், அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. "பசங்களா, எல்லாரும் கை தட்டுங்க. ஷெல்டன், சூப்பர்டா. அந்த எலி இருக்குல்ல, எ? அதை எடுத்துக்கிட்டு வந்து மிஸ் கையில குடு பார்ப்போம்."

ஷெல்டன் எழுந்தான். மேசை வரைக்கும் வந்தான். நின்றான்.

"எடு ஷெல்டன்" என்றேன், சிரித்தபடி.

"மம்மிதான் எடுப்பாங்க" என்றான் மிஸ்ஸிடம்.

"மம்மியே சொல்றேன்டா. எடு."

அவன் அசையவில்லை. என்னை நம்பவில்லை. அவனைச் சோதிக்கிறேன் என்று நினைத்துவிட்டான் என்பது எனக்குத் தெரிந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காது மடல் சுட்டது.

அதற்குள் லாவண்யா என்கிற குட்டி, அந்தச் செருப்புக்காரி, "மிஸ், நான் எடுக்கறேன்" என்று ஓடிவந்து எலியின் வாலை உறையோடு சேர்த்துப் பிடித்து இழுத்தாள். பிளாஸ்டிக் உறை விளிம்பில் கிழிந்தது. வால் நீண்டது. என் வாய் திறந்தது. ஆனால் நான் சொல்லவேண்டியதை எனக்கு முன்னால் வேறு யாரோ சொல்லிவிட்டார்கள்.

"கையை எடுடி! அழுக்குக் கை! எத்தனை தடவை சொல்றது? மம்மி எவ்ளோ கஷ்டப்பட்டுச் செஞ்சிருக்காங்க! அறிவில்ல?"

ஷெல்டன்தான். பளாரென்று அவள் கையில் ஒரு அடி. பிறகு ஒற்றை விரலை அவள் மூக்குக்கு நேராக நீட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னொரு தடவை தொட்டே, தொலைச்சிடுவேன்" என்றான்.

என் குரல். என் விரல். 'தொலைச்சிடுவேன்' என்பதில் நான் எங்கே அழுத்துவேனோ அங்கேயே அழுத்தினான். நாலு வயசுப் பிள்ளையின் சின்ன வாய்க்குள்ளிருந்து நான் வெளியே வந்து நின்றேன்.

லாவண்யா வீறிட்டாள். ரத்னா ஆயா ஓடிவந்து அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஷெல்டனைக் குனிந்து பார்த்தார்.

"இன்னா நைனா இது, கொயந்தையப் போயி இப்டி அடிச்சிட்ட? ஆரு உனக்கு இப்டிலாம் பேசச் சொல்லிக் குட்த்தாங்க?"

அவனைத்தான் கேட்டார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. வஜீஹா மிஸ்ஸும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எதிர்த்துக் கத்தியிருப்பேன். அவள் மண்டியிட்டு என் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தாள், விளிம்பு மடங்காமல் பார்த்து. பிறகு, "ஷெல்டனை இன்னிக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா மேடம்?" என்று மட்டும் கேட்டாள்.

ஆட்டோவில் அவன் கேட்டான்: "மம்மி, எலி பிஞ்சிடுச்சா? நான் அவளை அடிச்சிட்டேன். தொடவிடல." பாராட்டுக்காகக் காத்திருந்தான். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். வஜீஹாமேல் கோபப்பட்டுப் பார்த்தேன், கோபம் நிலைக்கவில்லை. டெரன்ஸ்மேல், எங்களை அப்படி ஆட்டிவைத்த டிரெயினிங்மேல், அந்தப் புளிசாதப் பையன்மேல்கூடக் கோபப்பட்டுப் பார்த்தேன். அவனுக்கு அப்போது ஆறு வயசு இருந்திருக்கும். பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டிருப்பான், அவ்வளவுதான். அவனை நான் பதினைந்து வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் புடவைகூட மாற்றவில்லை. பீரோமேல் இருந்தவற்றையும் இறக்கினேன். கூடத்தில் பேப்பர் விரித்து, முப்பத்தெட்டு எழுத்தையும் கொட்டி, கத்தரிக்கோலை எடுத்து உறைகளைக் கிழித்தேன். டேப் வராத இடத்தில் பல்லால் கடித்தேன். ஃபெவிகால் டப்பாவைத் திறந்து நடுவில் வைத்தேன்.

"இந்தா. எல்லாம் உனக்குத்தான். தொடு. பிய்ச்சுக்கோ. என்ன வேணா பண்ணு."

அவன் சுவரோடு ஒட்டி நின்றான்.

"தொடுடா!"

தலையை ஆட்டினான்.

"மம்மி சொல்றேன்ல? திட்ட மாட்டேன். தொடு. தொடுன்னா தொடணும்! எத்தனை தடவை சொல்றது?"

அந்த வார்த்தை வாயிலிருந்து விழுந்ததும் எனக்கே கேட்டது. கேட்டும் நிறுத்தவில்லை. அதுதான் என் லட்சணம். அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவந்து, விரல்களை விரித்து, பசை டப்பாவுக்குள் அழுத்தினேன். கொதிக்கிற கஞ்சிக்குள் வைத்ததுபோல் அலறினான். "வேணாம் மம்மி, அழுக்காயிடும் மம்மி, நான் தொடலை மம்மி, நீதான் தொட வெச்சே" என்று உடம்பெல்லாம் நடுங்க அழுதான்.

கையை விட்டேன். அவன் மணிக்கட்டில் என் நாலு விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன. ஓட்டமாக உள்ளே ஓடினான்.

நான் அந்தக் குப்பைக்கு நடுவே உட்கார்ந்தேன். இரண்டு வருஷத்து உழைப்பு. எல்லாம் அவனுக்காக என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். பிள்ளையைப் பாய்மேல் உட்காரவைத்துவிட்டு, வராத எக்ஸாமினருக்காக இரண்டு வருஷம் பாடம் எடுத்திருக்கிறேன். இத்தனை நாள் ஊரில் உள்ள எல்லார்மேலும் வந்த கோபம் இப்போது போக வேறு வீடு இல்லாமல் என்னிடமே வந்து உட்கார்ந்துகொண்டது. அவன் பள்ளிக்கூடப் பையிலிருந்து டைரியை எடுத்தேன். 'ஷெல்டனை ப்ரீ கேஜி-யில் சேர்க்கச் சம்மதிக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணல் மாணலாக வந்தது. திருத்தவில்லை.

பாத்ரூமில் ஸ்டூலை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு குழாய்ச் சத்தம். ரொம்ப நேரம் தண்ணீர் ஓடியது. எழுந்து போய் அவனைத் தூக்கிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. என்னைக் கண்டால் இன்னும் பயப்படுவானோ என்று போகவில்லை.

தண்ணீர் நின்றது. சட்டையெல்லாம் நனைந்து, மூக்கை உறிஞ்சியபடி வந்தான். இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினான். உள்ளங்கையைக் காட்டினான். திருப்பிப் புறங்கையைக் காட்டினான். சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

"இப்ப சுத்தமாயிடுச்சு மம்மி" என்றான். "இப்ப தொடலாமா?"

"தொடுடா கண்ணு" என்றேன்.

மெதுவாக உட்கார்ந்தான். பக்கத்தில் கிடந்த ஒன்றின்மேல் ஒரே ஒரு விரலை வைத்தான். அது எந்த எழுத்து என்று அவன் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.